என் பெயரில் ஆடியவன்

பின்னாலிருந்து யாராவது “சுந்தர்” என்று கூப்பிட்டால் நான் உடனே திரும்புவதில்லை. ஆபீசில் இது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. காது மந்தம், திமிர், ஹெட்ஃபோன் பழக்கம் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். என் மனைவி கோபர்கைரனே மார்க்கெட்டில் நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஐந்தாவதற்குத் தோளில் ஓங்கித் தட்டுவாள். அந்தப் பெயருக்கு என்னைவிட வேகமாகப் பதில் சொல்கிறவன் ஒருவன் இருந்தான். அவன் சொல்லட்டும் என்று ஒரு நொடி விட்டுக்கொடுத்து எனக்குப் பழகிவிட்டது.

அவனுடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஒரு மழைக்காலம் முழுக்க நாங்கள் அந்தப் பெயரை மறைத்துவைத்தோம். அதைச் சொல்லியே தீர வேண்டியிருந்த ஒரு சாயங்காலத்திலும் மறைத்தோம். இப்போது எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது.

ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஒல்லி. என் உயரம், என் நிறம், என்னைப் போலவே நெற்றியில் விழும் முடி. தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை ஒன்றில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பா இல்லை, அக்காவைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டில் அம்மாவும் அவனும்தான். பன்னிரண்டாம் வகுப்பில் இங்கிலீஷ் பேப்பர் போனதோடு படிப்பை விட்டவன். நான் மாட்டுங்காவில் பாலக்காட்டு வழி வந்த குடும்பத்துப் பையன். அங்கேயே ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு, கல்லூரி ஃபுட்பால் அணியில் லெஃப்ட் பேக். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனாலும் ஃபுட்பால் இல்லாவிட்டால் நான் தாராவிப் பக்கம் கால் வைத்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிப் பையன்களோடு எங்களுக்குப் பயிற்சி ஆட்டம் இருக்கும். அப்படி ஒரு ஞாயிறு அவனுடைய பூட்ஸ் வாயைப் பிளந்துகொண்டது. நான் முதல் பாதியோடு வெளியே வந்து உட்கார்ந்திருந்தேன். அவனுக்கும் என் சைஸ்தான் என்பதால் என் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொண்டுவந்தபோது அது என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. அடியில் இருந்த குமிழ்களுக்கு நடுவே ஒட்டியிருந்த சேற்றைத் தீக்குச்சியால் நோண்டி எடுத்திருந்தான். ஈரம் உறிஞ்ச உள்ளே பேப்பரைச் சுருட்டித் திணித்திருந்தான். விட்டுப்போயிருந்த ஒரு தையலைப் பட்டறை ஊசியால் போட்டிருந்தான். நாடாவைக்கூடத் துவைத்திருந்தான்.

“எதுக்குடா இவ்வளவு வேலை உனக்கு?” என்றேன்.

“அடுத்த ஆளு சாமான்லா,” என்றான்.

இதுதான் அவன். வேறு எதைச் சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. தன் சட்டைக்குப் பித்தான் இல்லாவிட்டால் ஊக்கு குத்திக்கொண்டு திரிவான். அடுத்தவன் பொருள் கைக்கு வந்தால் போதும், அதற்கு ராஜ உபசாரம் நடக்கும். ஒரு நாள் மழைக்கு என் வீட்டுக் குடையைக் கொண்டுபோய், ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்த கம்பியைக் கட்டிக் கொண்டுவந்தான். எங்கள் கேப்டன் செம்பூர்க்காரன், தமிழன்தான், ஆனால் வாயைத் திறந்தால் பாதி ஹிந்தி. அவனுடைய ஸ்கூட்டரை இவன் ஒரு தடவை வாங்கிப்போய், கண்ணாடியைத் துடைத்து, டயருக்குக் காற்று அடித்து நிறுத்தியிருந்தான்.

“அரே, இவன்ட்ட மாசத்துக்கு ஒரு வாட்டி ஸ்கூட்டரைக் குடுக்கணும்,” என்றான் கேப்டன். “சர்வீஸ் ஃப்ரீ.”

அந்தக் கேப்டனைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. இப்போது ஃபிளாட் விற்கிறான். தினமும் காலையில் தலைமைப் பண்பு பற்றி ஒரு வீடியோ அனுப்புகிறான். நான் பார்ப்பதில்லை. ஆனால் அவனைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளவும் முடியாது.

சீசன் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது எனக்கு முட்டி போயிற்று. ஈரத்தில் கால் ஒரு பக்கம் நிற்க, உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. டாக்டர் மூன்று மாதம் ஓடக்கூடாது என்றார். அணியின் பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டது, மாற்ற முடியாது. பெஞ்சில் இருந்த இன்னொரு டிஃபென்டருக்குப் பந்து ஒரு பக்கம் வந்தால் பயம், இன்னொரு பக்கம் வந்தால் கூடுதல் பயம். கேப்டன் என் ஐ.டி. கார்டை வாங்கிப் பார்த்தான். அதில் என் முகம் கறுப்பாக ஒரு நிழல், நெற்றியில் முடி, அவ்வளவுதான் தெரிந்தது. உலகத்தில் யாரை வேண்டுமானாலும் அந்தப் படம் என்று சொல்லலாம்.

“தாராவிக்காரனை உன் கார்டுல இறக்கிடலாம்,” என்றான்.

நான் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. எனக்கு ஸ்டாடிஸ்டிக்ஸில் ஏடிகேடி. ஃபெயில்தான், ஆனாலும் அடுத்த வருஷத்துக்குப் போகலாம், பேப்பரை மட்டும் திரும்ப எழுதிப் பாஸாக வேண்டும். பம்பாயில் கல்லூரிக்குப் போன எவனுக்கும் இந்த நாலெழுத்து தெரியும். சீசன் முழுக்க ஆடியவர்களுக்கு விளையாட்டுக்கென்று கிரேஸ் மார்க் உண்டு. என் முட்டி போனதோடு அந்த மார்க்கும் போயிற்று என்று நினைத்திருந்தேன். அவன் ஓடினால் எனக்கு மார்க். இதைவிட வேறு என்ன வேண்டும்?

அவன் கேட்டது இரண்டே விஷயம்.

“புல்லு கிரவுண்டுல்லா?”

“ஆமா.”

“எங்கம்மாவுக்குத் தெரியக்கூடாது. பொய்ப் பேர்ல விளையாடுதேன்னு தெரிஞ்சா சோத்துல கை வைக்க விடாது. பட்டறை டீமுக்கு ஆடுதேன்னு சொல்லிக்கிடுதேன்.”

உனக்குச் சங்கடமாக இல்லையா என்று நான் கேட்டேன். கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளவாவது இது ஒன்று இருக்கிறது. அவன் சிரித்தான். “நாங்க தைக்கிற பையி எல்லாமே வேற ஆளு பேரு ஒட்டித்தான் கடைக்குப் போவுது. அதுல என்ன இருக்கு மக்கா.”

என் பெயரையும் அவன் பூட்ஸைப் போலத்தான் கொண்டுபோனான். முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வாரம் என் உயிரை வாங்கிவிட்டான். பிறந்த தேதி என்ன, அப்பா பேர் என்ன, ரோல் நம்பர் என்ன, அக்கவுண்ட்ஸ் எடுக்கிற ஆசிரியர் வழுக்கையா இல்லையா. எந்தப் பேப்பரில் ஃபெயில் என்றுகூடக் கேட்டு வைத்துக்கொண்டான். ஆட்டத்துக்கு முன் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் என் கையெழுத்தைப் பட்டறை அட்டைகளின் பின்பக்கம் எழுதி எழுதிப் பழகினான். நான் அவசரத்தில் கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து விட்டுவிடுவேன். அவன் கடைசி ‘ஆர்’ வரைக்கும் ஒழுங்காகப் போட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், என் கையெழுத்து அவன் கையில்தான் ஒரு கையெழுத்து மாதிரி இருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் எங்கள் அக்கவுண்ட்ஸ் ஆசிரியர் வராந்தாவில் என்னை நிறுத்தி, “இப்போதான் ஒழுங்கா கிளாசுக்கு வர ஆரம்பிச்சிருக்கே, நல்லது,” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அந்த மாதம் அவர் வகுப்புப் பக்கமே போகவில்லை. பிறகு தெரிந்தது. பட்டறையில் சரக்கு வராத நாட்களில் இவன் என் கார்டைக் காட்டி உள்ளே நுழைந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, என் நம்பர் வந்ததும் எழுந்து “பிரசன்ட் சார்” என்று சொல்லியிருக்கிறான். நூற்று இருபது பேர் இருக்கிற வகுப்பில் யார் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

“ஏண்டா, மாட்டினா என்னடா ஆகும்?” என்று கத்தினேன்.

“கோவப்படாத. உன் அட்டென்டன்சு ரொம்பக் கம்மியா கிடந்துச்சு. பாத்தா பாவமா இருந்துச்சு,” என்றான். பிறகு, “டெபிட்டு கிரெடிட்டு எல்லாம் எனக்குப் புரியுதுலே,” என்றான். அப்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கவனித்தேன். கவனித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

எங்கள் வீட்டுக்கு அவன் ஒரே ஒரு முறை வந்திருக்கிறான். ஜெர்சியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவனை உட்கார வைத்தேன். சமையலறையிலிருந்து அம்மா, “சுந்தர்” என்று கூப்பிட்டாள். “ஆங்” என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல் இல்லை. சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காபி கொடுத்தாள். அவன் டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தான். குடித்துவிட்டுத் தானே எழுந்துபோய்க் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்தான். வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

“யாருடா இந்தப் புள்ளை? நீ பேசாம இருக்கறச்சே அவன் பதில் சொல்றான்?” என்று அவன் போன பிறகு அம்மா கேட்டாள்.

“ஃபிரெண்ட்” என்றேன்.

அணியில் எல்லோரும் அவனை மைதானத்துக்கு வெளியேயும் சுந்தர் என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். வாய் தவறி யாராவது உண்மைப் பெயரைச் சொல்லி ரெஃப்ரி காதில் விழுந்துவிடக்கூடாது என்று கேப்டன் போட்ட சட்டம். அப்படியானால் நான் யார்? என்னை லங்டா என்றார்கள், நொண்டி. நான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களைக் காவல் காத்துக்கொண்டு, “சுந்தர், மார்க் ஹிம்”, “சபாஷ் சுந்தர்” என்று கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் எரிச்சலாக இருந்தது. அவன் என்னைவிட நன்றாக ஆடினான், இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் என்னைவிட நல்ல சுந்தராகவும் இருந்தான். அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தாராவி ஆட்டங்களில் அவன் எப்படி ஆடுவான் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குறுக்கே கால் விடுவான், முழங்கையால் இடிப்பான், எதிராளியின் குடும்பத்தையே கிழிப்பான். கல்லூரி ஜெர்சியில் வேறு ஆள். ஒரு ஃபவுல் கிடையாது. மூன்றாவது ஆட்டத்தில் ஒரு ஃபார்வர்டு இவன் முகத்துக்கு நேராகத் துப்பினான். இவன் கை ஓங்கியது. பெஞ்சிலிருந்த நாங்கள் எழுந்துவிட்டோம். ஓங்கிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி ஓடினான். ஆட்டம் முடிந்ததும் கேட்டேன்.

“என் பேரா இருந்தா பல்லைத் தட்டியிருப்பேன். ரெட் கார்டு உன் பேர்லல்லா விழும்?” என்றான்.

ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து, கல்லூரி வரலாற்றிலேயே இல்லாத அதிசயமாக நாங்கள் அரையிறுதிக்கு வந்து சேர்ந்தோம். மைதானம் செம்பூரில். பிற்பகல் ஆட்டம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் நாங்கள் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது அவர்களுக்கு ஒரு கார்னர். பந்து எங்கள் கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய்க் கோலுக்குள் இறங்கப் பார்த்தது. இவன் பின்னால் ஓடியபடியே எம்பி, கோட்டிலிருந்து தலையால் தட்டி வெளியே தள்ளினான். போன வேகத்தில் காதுக்கு மேலே அடிபடும்படி கோலின் இரும்புக் கம்பத்தில் மோதினான். சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

விழுந்தவன் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு தானே எழுந்து உட்கார்ந்தான். ரெஃப்ரி அவன் முன்னால் குந்தி, “வாட்ஸ் யுவர் நேம்?” என்று கேட்டார்.

“சுந்தர்,” என்றான். இழுக்காமல், யோசிக்காமல் சொன்னான்.

கல்லூரி பேர் கேட்டார், சொன்னான். ஸ்கோர் கேட்டார், சொன்னான். கேட்காத ரோல் நம்பரையும் சேர்த்துச் சொன்னான். ரெஃப்ரி திருப்தியாகத் தலையாட்டி எழுந்தார். பெஞ்சில் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். கேப்டன் ஓடிவந்து என் தலையில் தட்டி, “பார்த்தியா லங்டா, தலையில அடி வாங்கியும் உன் பேரை மறக்கலை. ஏக்தம் ஃபிட்,” என்றான். நானும்தான் சிரித்தேன். அவனுடைய சொந்தப் பெயரைக் கேட்டிருந்தால் அவனுக்கு ஞாபகம் வந்திருக்குமா என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. பொய்யைச் சரியாகச் சொன்னதால் புத்தி தெளிவாக இருக்கிறது என்று முடிவு கட்டினோம்.

மிச்ச ஆட்டத்தையும் ஆடினான். ஜெயித்தோம். எல்லோரும் சேற்றில் புரண்டு கத்திக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். நாடாவை அவிழ்க்க வரவில்லை. விரல்கள் வேறெங்கோ தடவிக்கொண்டிருந்தன. “வெளிச்சம் கூசுது மக்கா,” என்றான். வானம் இருண்டு கிடந்தது. அப்புறம் வாந்தி எடுத்தான்.

டாக்சியில் போட்டுப் பெரிய முனிசிபல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கேப்டனும் நானும். கவுண்டரில் பேர் கேட்டார்கள். கேப்டன் ஃபைலிலிருந்து என் கார்டை எடுத்து நீட்டினான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“டென்ஷன் எடுக்காத,” என்றான் காதோடு. “வெளியாளு ஆடினான்னு தெரிஞ்சா காலேஜையே பேன் பண்ணிடுவாங்க. உன் மார்க்கும் போச்சு, உன்னையும் தூக்கிடுவாங்க. ஒரு ராத்திரி அப்சர்வேஷன். நாளைக்கு டிஸ்சார்ஜ், பாத் கதம்.”

கவுண்டர் ஆள் எழுதினான். சுந்தர், வயது பத்தொன்பது, மாட்டுங்கா. என் கண் முன்னால், என் விலாசத்தில், நான் அட்மிட் ஆனேன்.

அவனுடைய ஃபோன் என் கையில் இருந்தது. பையிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். ஐந்தரை மணியிலிருந்து அது அடிக்கத் தொடங்கியது. ‘அம்மா’ என்று திரையில் வந்தது. சத்தத்தை அணைத்தேன். அப்புறமும் அது கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து என்ன சொல்வது? எந்த ஆஸ்பத்திரி என்பார், வந்து நிற்பார், பேரைச் சொல்லி அழுவார், எல்லாம் வெளியே வந்துவிடும். திரையைக் கீழே பார்த்த மாதிரி மடியில் கவிழ்த்து வைத்தேன்.

ஆறு மணிக்கு மேல் அவரே வந்துவிட்டார். டாக்சியில் தூக்கிப் போட்டதை அவர்கள் தெருக்காரர் யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவன் வீட்டில் நான் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன், எனக்கு அடையாளம் தெரியாமல் போக வழியில்லை. கையில் மடக்கிய குடை, காலெல்லாம் சேறு, சேலையின் கீழ்ப்பகுதி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. கவுண்டரில் குனிந்து பேர் சொன்னார். ஆள் ரெஜிஸ்டரைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினான். மறுபடி சொன்னார். வயதைச் சொன்னார். கையை உயர்த்தி உயரத்தைக் காட்டினார். ஃபுட்பால் என்றார். அவன் இன்னொரு முறை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, வேறு ஆஸ்பத்திரியில் பாருங்கள் என்றான். அவன் மேல் தப்பில்லை. ரெஜிஸ்டரில் இருந்ததைச் சொன்னான்.

எனக்கும் அவருக்கும் நடுவே இருபது அடி இருக்கும். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. கேப்டன் அப்போது டீ குடிக்கப் போயிருந்தான். நானாகத்தான் நகர்ந்தேன். என் கையிலிருந்த ஃபோன் மறுபடி துடித்தது. வாசலில் நின்று அவர்தான் காதில் ஃபோனை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

அவர் போய் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நர்ஸ் என்னை வார்டுக்குள் கூப்பிட்டாள். அவள் அவன் கன்னத்தில் தட்டி, “சுந்தர், ஆங்க் கோலோ, சுந்தர்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். அவனுக்கு என்னைத் தெரிந்தது.

“அம்மாட்ட சொல்லிட்டியா?” என்றான்.

“சொல்லிட்டேன். வந்துண்டே இருக்காங்க.”

“சரி,” என்றான். முகத்தை மெல்ல வாசல் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது உள்ளே வரும்போதெல்லாம் புருவம் கொஞ்சம் ஏறி இறங்கியது. தள்ளுவண்டி வந்தது, பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி வந்தாள், தரை துடைக்கிறவர் வந்தார். ஓடியிருந்தால் அவன் அம்மாவைக் கேட்டிலேயே பிடித்திருக்கலாம். முட்டி வலித்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முட்டி வலிக்கவில்லை. எனக்குப் பயம். மார்க் போய்விடும், கல்லூரியிலிருந்து தூக்கிவிடுவார்கள், அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு சின்ன பயம்.

எட்டு மணிக்கு என்னை வெளியே போகச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய், அம்மா போட்ட சாதத்தைச் சாப்பிட்டேன்.

காலையில் அவனுக்கு நினைவு தப்பிவிட்டது. ஆபரேஷன் என்றார்கள், வீட்டு ஆள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் விளையாட்டு ஆசிரியர் பதறிக்கொண்டு வந்து, கார்டு மாறிப்போய்விட்டது என்று சொல்லி ஃபைலில் பெயரைத் திருத்த வைத்தார். அதற்குப் பிறகுதான் நான் அந்த ஃபோனை எடுத்தேன். அவன் அம்மா அப்போது மூன்றாவது ஆஸ்பத்திரியில் இருந்தார். வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

விளையாடும்போது விழுந்தான் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆள் இல்லை என்று சொல்லிக் கல்லூரி இறுதி ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அரையிறுதியின் ஷீட்டில் சுந்தர் முழு ஆட்டமும் ஆடியிருக்கிறான், நல்ல கையெழுத்தில். அதையும் ஆஸ்பத்திரி ஃபைலையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கு மார்க் வந்தது. ஸ்டாடிஸ்டிக்ஸில் பாஸ். கூடவே சிறந்த டிஃபென்டர் என்று ஒரு சர்டிஃபிகேட்டும் வந்தது. ஃபுட்பாலை ஜென்மத்தில் மதிக்காத என் அப்பா அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினார். “பரவாயில்லையேடா, பொழுதை வீணடிக்கறேன்னு நெனச்சேன்,” என்றார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நான் பல வருஷம் அந்தச் சுவரைப் பார்க்காமல் சாப்பிடக் கற்றுக்கொண்டேன்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போனேன். ஒரே அறை, சுவரில் அவன் படம், பிளாஸ்டிக் மாலை. பாஸ்டரும் சபை ஆட்களும் பாடி முடித்துப் போன பிறகு நான் மட்டும் மிச்சம் இருந்தேன். அவன் அம்மா எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கே நான் அங்க வந்தேன் தம்பி,” என்றார்.

நான் காபியை ஒரு வாய் குடித்தேன்.

“வந்து கேட்டேன், அப்படி ஆளே இல்லன்னுட்டான். நான் வேற கவுண்டர்ல போயிக் கேட்டுட்டேன் போல. அடிபட்டவங்களுக்குத் தனியா இருக்குமாம்லா. படிக்காத மூதிக்கு என்ன தெரியும். ரெண்டு எட்டு உள்ள போயிப் பாத்திருந்தா எம்புள்ளையப் பாத்திருப்பேன்.”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். நீங்கள் சரியான கவுண்டரில்தான் கேட்டீர்கள், சரியாகத்தான் கேட்டீர்கள், தப்பு உங்களுடையது இல்லை. மூன்றே வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது. கீழே விழுங்கினேன்.

“நீ உள்ள கூட இருந்தியாம்லா, சாரு சொன்னாரு,” என்றார். “அது போதும். யாருமில்லாம கிடக்கலல்லா.” பிறகு, ஏதோ சாதாரண விஷயம் கேட்பது மாதிரி கேட்டார். “என்னையத் தேடினானா?”

ஆமாம் என்றால், அப்புறம் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிடும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

“இல்லை ஆன்ட்டி. தூங்கிண்டே இருந்தான்.”

“தேடலயா?”

“இல்லை.”

அவர் என் முகத்தையே பார்த்தார். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றுகூட நான் நினைத்திருந்தேன். அவர் முகம் அப்படியே வற்றிப்போயிற்று. “அப்ப சரி,” என்று சொல்லி, நான் பாதி குடித்திருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்தார். அவன் தேடினான் என்பது ஒன்றுதான் அவனிடமிருந்து அவருக்கு மிச்சம் இருந்தது. அதையும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வீட்டை விற்றுவிட்டு மகளோடு சீத்தா கேம்ப்பில் இருக்கிறார் என்று கேள்வி. இரண்டு முறை அந்தப் பக்கம் போய், தெரு முனை வரைக்கும் நடந்து திரும்பியிருக்கிறேன். அவருக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும், தினமும் வேதாகமம் வாசிக்கிறவர். இந்த முறை எழுதிய இந்தக் காகிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகப்போகிறேன். பேச வாய் வரவில்லையென்றால் கையில் கொடுத்துவிடலாம்.

தேடினான், ஆன்ட்டி. என்னிடம் முதலில் கேட்டதே உங்களைத்தான். நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நான் சொன்னதை நம்பி, என்னை வெளியே அனுப்புகிற வரைக்கும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.